கேட்டு வராத படங்கள்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். பள்ளி முடியும்வரை எனக்குக் கைபேசி கிடையாது. அம்மாவுடையது அம்மாவோடு மருந்துக்கடை வேலைக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது, படங்களுக்குச் சட்டம் போடும் நம் பிரேம் கடையின் போன். அதை எடுத்தால் அப்பா சட்டம் அறுப்பதை நிறுத்திவிட்டு, தூசி துடைக்கிற மாதிரிப் பக்கத்தில் வந்து நிற்கிறார். நான் கேட்க நினைப்பவை அவர் இல்லாமல் கேட்க வேண்டியவை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். மேற்படிப்புக்கு என்ன எடுக்கப் போகிறோம் என்று வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னார்கள். நான், "வணிகமும் கலையும் சேர்ந்த பட்டப்படிப்பு" என்றேன்.

"சேர்ந்ததுன்னா?" என்றார் டீச்சர்.

"ரெண்டும் ஒண்ணா, டீச்சர். எங்க அக்கா படிக்கிறாங்க."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "ஒரே டிக்கெட்டுல ரெண்டு படமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது கூடப் பரவாயில்லை. டீச்சர் மேற்கொண்டு கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் அவமானம். காலையில் வணிகம், மாலையில் கலையா? இரண்டு பக்கத்து ஆசிரியர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியுமா? கணக்குப்பதிவு படித்த கையோடு ஓவிய வரலாறு படித்தால், மூளையில் ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடாதா? முடித்துவிட்டு வெளியே வரும்போது நீ யார்?

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் போனில் போட்ட சண்டையில் அப்பாவின் பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. "கலையை விட்டுட்டா மூணு வருஷத்துல முடிஞ்சிடும்ல? எதுக்கு அஞ்சு வருஷம் இழுக்கணும்? படம் பார்க்கணும்னா நம்ம கடையில இல்லாத படமா?" பிறகு நீ வெகுநேரம் பேசினாய் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "பார்க்கலாம்னு சொல்றா. நவம்பர் கடைசி வரைக்கும் மாத்திக்கலாமாம்" என்றார்.

அக்கா, நீ "பார்க்கலாம்" என்று சொன்னால் முடிவெடுத்துவிட்டாய் என்று அர்த்தம். விடப் போகிறாயா? நீ விட்டுவிட்டால், நான் வகுப்பில் சொன்னதற்குச் சாட்சியே இருக்காது.

பதிலை எதிர்பார்க்கும்,
பூச்சி


ஆகஸ்ட் 23

அன்புள்ள புத்தகப் பூச்சிக்கு,

உன் கடித உறையைப் பார்த்துவிட்டு என் அறைத்தோழி, "ஐயோ, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போனாள். தங்கச்சிக்குச் சந்தேகம் வந்தால் இப்படித்தான் முற்றும் என்று விளக்கினேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். இங்கே ஒரு மேடு இருக்கிறது. மேட்டின் கீழே வணிகக் கட்டடம்: கண்ணாடிக் கதவு, லிஃப்ட், உள்ளே போனால் பல் நடுங்கும் குளிர். மேலே கலைக் கட்டடம்: படிக்கட்டு, மூட முடியாத ஜன்னல்கள், எந்நேரமும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. இரண்டுக்கும் நடுவில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவள் உன் அக்கா. கால அட்டவணை போட்ட புண்ணியவான் அந்த மேட்டைப் பார்த்ததே இல்லை. ஆசிரியர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. டீ குடிக்கும் இடங்கள்கூட வேறு வேறு.

கீழே எதைச் சொன்னாலும், "சரி, அதுக்கு என்ன செய்யணும்?" என்பார்கள். மேலே எதைச் சொன்னாலும், "அவசரப்படாதீங்க, அங்க என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க" என்பார்கள். போன வாரம் கீழே ஒரு பிஸ்கட் நிறுவனத்தின் விற்பனை வரைபடத்தை, கோடு எவ்வளவு அழகாக வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். மறுநாள் மேலே ஒரு பழைய ஓவியத்தைக் காட்டியபோது, "இவ்வளவு பெருசை யார் சார் வாங்குவாங்க?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு. உன் பின்வரிசைக்காரி இங்கேயும் இரண்டு கிளை வைத்திருக்கிறாள்.

ஆமாம், விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். முடிவெடுக்கவில்லை. ஆனால் களைத்துவிட்டேன், பூச்சி. என்னோடு சேர்ந்தவர்கள் வேலைக்குப் போன பிறகும் இரண்டு வருஷம் நான் இந்த மேட்டில் ஓடிக்கொண்டிருப்பேன். அப்பா சொல்வது தப்பு என்றால் சண்டை போட்டு முடித்திருப்பேன். தப்பில்லை என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

இப்போது ஓர் உதவி. கீழே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: சிறிய கடை ஒன்றைக் கவனித்து, ஒரே ஒரு மாற்றத்தைப் பரிந்துரை செய்ய வேண்டும். மேலே ஒரு வேலை: படங்கள் மாட்டிய சுவர் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். இரண்டுக்கும் நம் கடையையே எடுத்துக்கொள்ளப் போகிறேன். எனக்குப் பதிலாக நீ அங்கே கண்ணாக இரு. யார் வருகிறார்கள், முதலில் எதைப் பார்க்கிறார்கள், எதை வாங்காமல் போகிறார்கள், எல்லாம் எழுது. அப்பாவிடம் மூச்சு விடாதே.

அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கவுண்டருக்குப் பின்னால் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேவு பார்க்கிறேன். "பொண்ணு திடீர்னு கடையிலேயே படிக்கிறாளே, வீட்டுல என்ன பிரச்சனை?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டாராம்.

நான் கண்டவை. மாதிரிச் சட்டங்கள் மாட்டிய பலகை, உனக்கே தெரியும், கதவுக்கு இடதுபக்கம் இருட்டில் இருக்கிறது. உள்ளே வருபவர்கள் யாரும் அதை முதலில் பார்ப்பதில்லை. கதவுக்கு நேர் எதிரே, விளக்குக்குக் கீழே இருக்கும் பெரிய சுவரைத்தான் பார்க்கிறார்கள். அதில் இருப்பது என்ன? சட்டம் போடக் கொடுத்துவிட்டுத் திரும்பிக் கேட்டு வராதவர்களின் படங்கள். கடையின் நல்ல சுவர் முழுக்க அவைதான். ஏன் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அடுக்கி வெச்சா கண்ணாடி உடையுது. வேற எங்க வைக்கிறது, என் தலையிலயா?" என்றார்.

எத்தனையோ தடவை பார்த்த சுவர்தான். ஆனால் நீ சொன்ன பிறகுதான் பார்த்தேன். கேமராவைப் பார்க்காமல் வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கும் ஒரு கல்யாணப் பெண். ஒரு நீச்சல் சான்றிதழ். நூலால் தைத்த அன்னம். அதற்கு ஒரு கண் இன்னும் தைக்கப்படவில்லை. தொழிற்சாலை வாசலில் நிற்கும் நாற்பது பேர். அதில் ஒருவர் மட்டும் அசைந்துவிட்டதால் முகமே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது ஒரு குழந்தை சார்ட் தாளில் கிரேயானால் வரைந்த மஞ்சள் பஸ். ஜன்னலுக்கு ஒரு தலை. எல்லாத் தலைகளும் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. டிரைவர் கதவைவிடப் பெரியவர். அவர் எப்படி உள்ளே ஏறினார் என்று தெரியவில்லை.

வருபவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துக் கதை கேட்கிறார்கள். "இந்தப் பொண்ணு யாரு?" "தெரியாதுங்க. உங்களுக்கு எந்தச் சட்டம் வேணும்?" சிலர் பார்த்துவிட்டு, வந்த காரியத்தையே மறந்துபோய் வெளியேறுகிறார்கள்.

கடைக்கு எதிரே சிக்னல் அல்லவா? அங்கே நிற்கும்போது ஒரு பஸ் சாயங்காலம் தோறும் காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கிறது. அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திட்டுகிறார். இது உனக்குப் பயன்படாது. பார்த்ததையெல்லாம் எழுதச் சொன்னாயே என்று எழுதினேன்.

பூச்சி


அக்டோபர் 2

அன்புள்ள பூச்சிக்கு,

நீ பெரிய ஆள். கீழே கொடுத்த வேலையை முடித்துவிட்டேன். வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் எனக்குத்தான். பேராசிரியர் அதை எல்லோருக்கும் காட்டினார். பரிந்துரை இதுதான்: கடையின் மிகச் சிறந்த சுவரை உரிமையாளர் இல்லாத, தேங்கிப்போன சரக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை இறக்க வேண்டும். படங்களைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் மறுபடி பயன்படுத்த வேண்டும். அந்தச் சுவரில் மாதிரிச் சட்டங்களை, சிறியதிலிருந்து பெரியதாக, விளக்கு விழும்படி மாட்ட வேண்டும். அம்புக்குறி போட்டுப் படமே வரைந்திருக்கிறேன்.

பெருமை தாங்காமல் ஒரு பிரதியை அப்பாவுக்கும் அனுப்பிவிட்டேன். நான் உருப்படியாக ஏதோ படிக்கிறேன் என்று அவருக்கும் தெரியட்டும்.

மேலே கொடுத்த வேலை ஒரு வரியிலேயே நிற்கிறது. "கதவுக்கு எதிரே ஒரு சுவர்." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நீ எழுதிய அன்னத்தையும் கல்யாணப் பெண்ணையும் வைத்து ஏதாவது உருக்கமாக எழுதலாம். ஆனால் அங்கே உருக்கம் போட்டால் சிவப்புப் பேனாவால் கோடு போடுவார்கள்.

அதனால், பூச்சி, ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். எனக்கு எது வருகிறதோ அதையே படிக்கிறேன். கலையை விடுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். நவம்பரில் கொடுத்துவிடுவேன். நீ பள்ளியில் உனக்குப் பிடித்த படிப்பை எழுதிக் கொடு. என் பின்னால் வராதே.

அக்கா


அக்டோபர் 20

அக்கா,

இதை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். "படிக்கிற புள்ளைகிட்டப் போய் இதையெல்லாம் சொல்லாத" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் அறிக்கை வந்த அன்று அப்பா அதை மூன்று தடவை படித்தார். கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஏணியைப் போட்டார். "அவளே அம்புக்குறி போட்டுக் குடுத்திருக்கா, அப்புறம் என்ன?" நான் கீழே நின்று படங்களை வாங்கி வைத்தேன். எல்லாம் நன்றாகத்தான் கழன்று வந்தன, அந்த மஞ்சள் பஸ்ஸைத் தவிர.

சாதாரணமாகக் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஓர் அட்டை விளிம்பு வைப்பார்கள். அந்த பஸ் தாளின் ஓரம்வரை வரையப்பட்டிருந்ததால், விளிம்பு வைத்தால் கடைசி ஜன்னல்கள் மறைந்துவிடும் என்று வைக்கவில்லை. கிரேயான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாகத்தான் உரித்தார். முன்பாதி வந்தது. பின்பாதி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது, மஞ்சள் தீற்றலாக. அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, "கேட்டு வராததுதானே" என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் சுவர் வேலை செய்கிறது, அக்கா. அதையும் சொல்ல வேண்டும். வருபவர்கள் உடனே சட்டத்தைக் காட்டுகிறார்கள், பெரியதாகவே கேட்கிறார்கள். ஆனால் சீக்கிரம் போய்விடுகிறார்கள். தபால்காரம்மா வந்து, "என் அன்னம் எங்கப்பா?" என்றார். அது அவருடையதே இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல்காரரும் எட்டிப் பார்த்து, "ஏதோ குறையுதே" என்றுவிட்டுப் போனார்.

நேற்று பஸ் டிரைவர் உடையில் ஒருவர் வந்தார். சுவருக்கு நேராக நின்றார். "இங்க ஒரு பஸ் இருந்துச்சே?" என்றார்.

அப்பா, "உங்களுதா? இத்தனை வருஷமா வரலையே, சார். நம்பருக்கு அடிச்சா போகவே இல்ல" என்றார்.

"நம்பர் மாறிடுச்சுங்க. நான் தினம் வர்றேனே. சிக்னல்ல நின்னா நேரா தெரியும். எம் பொண்ணு ஒண்ணாவது படிக்கிறப்ப வரைஞ்சது. வீட்டுல மாட்டுனா நாங்க மூணு பேரு பார்ப்போம். இங்க இருந்தா பஸ்ஸே பார்க்குது. வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன்."

அப்பா மெதுவாக, "ஹாரன் அடிக்கிற ஆளா நீங்க?" என்றார்.

"பொண்ணுக்கு வணக்கம் சொல்றதுதாங்க" என்று சிரித்தார். அப்பா அவரை உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு பாதிப் படத்தை எடுத்து வந்து காட்டினார். டிரைவர் திட்டியிருக்கலாம். அதைக் கையில் வாங்காமலே, "நேரமாச்சு" என்று போய்விட்டார்.

இன்று சாயங்காலம் சிக்னலில் பஸ் நின்றது. ஹாரன் கேட்கவில்லை.

பூச்சி


அக்டோபர் 27

பூச்சி,

அப்பா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருக்கும். போனில் பேசினேன், "கடை நல்லாப் போகுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே பேராசிரியரிடம் போனேன். "உரிமையாளர் இல்லாத சரக்குன்னு எழுதினது தப்பு, சார். அதுக்கு ஓர் உரிமையாளர் இருந்தார், தினமும் வந்துட்டு இருந்தார்" என்றேன். அவர் நல்லவர். யோசித்தார். "அப்போ அது விளம்பரம். எத்தனை பேர் பார்த்தாங்க, அதுல எத்தனை பேர் கடைக்கு வந்தாங்கன்னு அளக்க முடியுமா?" என்றார். தபால்காரம்மாவின் அன்னத்தை எப்படி அளப்பது என்று கேட்டேன். "அது இந்தத் துறை இல்ல. மேல போய்க் கேளுங்க" என்றார்.

மேலே போனேன். எனக்கு இப்போது அந்தச் சுவரைப் பற்றி நிறுத்த முடியாமல் எழுத வருகிறது. ராத்திரி பகலாக எழுதினேன். படித்துவிட்டு, சுவர் வேலையைக் கொடுத்த பேராசிரியை, "கடை, சிக்னல், வர்றவங்க, போறவங்க... நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வியாபாரம் பத்தின விஷயமாச்சே. கீழ காட்டினீங்களா?" என்றார்.

மேட்டின் நடுவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். போனவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்காதே. இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. அதைவிட எனக்கு இப்போது தெரிய வேண்டியது வேறு. பஸ்ஸில் டிரைவர் இருக்கையிலிருந்து மட்டும்தான் நம் சுவர் தெரியுமா, பயணிகளுக்கும் தெரியுமா? அந்தப் பெண் இப்போது எத்தனாவது படிக்கிறாள்? அவளுக்குத் தன் படம் ஊரெல்லாம் பார்க்கும் இடத்தில் இருந்தது தெரியுமா? போய்க் கேள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. அதை நான் வந்து கேட்டுக்கொள்கிறேன். நாம் யாருமே அவரை ஒன்றுமே கேட்டதில்லை, அதுதான்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா வர மறுத்தார். "என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?" நான் தனியாகப் போய் பஸ் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல்வரை நம் சுவர் நன்றாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் மருந்துக்கடைப் பலகைதான் தெரிகிறது. முன்னால் இருப்பவர்கள் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இறங்கும்போது டிரைவரிடம் நான் யார் என்று சொன்னேன். "நீதான் கவுண்டர்ல புத்தகம் படிக்கிற பொண்ணா? உன்னையும் தெரியும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேவு பார்த்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். அவள் அப்பாவின் தோள் உயரம் இருக்கிறாள். நம் அப்பா எழுந்து நின்றே பேசினார். "பெரிய தாளு, நல்ல கலரு, எல்லாம் நான் வாங்கித் தர்றேன்மா. அதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுப்பியா?"

அவள், "முடியாது அங்கிள். இப்ப எனக்கு ஒழுங்கா வரையத் தெரியும். அதனால அது வராது" என்றாள்.

அப்பா பாதிப் படத்தை எடுத்து நீட்டினார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "பின்னாடி உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்க போல" என்றாள். முதலில் சிரித்தது டிரைவர். பிறகு அவளே, "இதையே மாட்டுங்க. ஆனா எனக்குத் தெரியாம இத்தனை நாள் எல்லாருக்கும் காட்டினதுக்கு அப்பா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரணும்" என்றாள். "பார்த்தீங்களா, வியாபாரம் பேசுது" என்றார் டிரைவர்.

உன் மாதிரிச் சட்டங்களை அப்பா இறக்கவில்லை. "அவ சொன்னதுல தப்பில்ல, அது இருக்கட்டும்" என்கிறார். நடு வரிசையை மட்டும் கொஞ்சம் தள்ளி, இந்தத் தடவை சுற்றிலும் அட்டை வைத்து, பாதி பஸ்ஸை மாட்டியிருக்கிறார். உன் படிப்பைப் பற்றி மட்டும் மனம் மாறவில்லை. "இதுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்? ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்தான்" என்கிறார்.

என் கேள்வி பழையதுதான். என்ன முடிவு செய்தாய்?

பூச்சி


நவம்பர் 28

அன்புள்ள பூச்சிக்கு,

இன்றுதான் கடைசி நாள். காலையிலேயே அறைத்தோழி, "குடுத்துட்டியா?" என்றாள். மதியம் போனேன். வரிசை இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க். நிரப்பிய தாள் என் கையில் இருந்தது. அதில் குறையே இல்லை. நான் எழுதியதிலேயே மிகத் திருத்தமான தாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

"எத்தனை மணி வரைக்கும் திறந்திருப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நாலு."

எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா சொன்னதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் இரண்டு வருஷம்தான், அதில் ஒரு நாள்கூடக் குறையாது. கீழே இருப்பவர் என்னை மேலே அனுப்பியதையும், மேலே இருப்பவர் கீழே அனுப்பியதையும் நினைத்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஜன்னலிலிருந்து அவ்வளவுதான் தெரிகிறது. அந்தக் கல்யாணப் பெண் யாரைப் பார்த்துச் சிரித்தாள், அவளைத் தேடித் தினமும் யாராவது நம் கடையை எட்டிப் பார்த்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது என்றும் தெரியவில்லை. எனக்கு அது நன்றாக வருமா என்பது வேறு விஷயம். வராமலும் போகலாம்.

இதை அப்பாவிடம் நானே சொல்கிறேன். கத்துவார். கத்தட்டும். அடுத்த வாரம் நேரில் வருகிறேன். முதலில் அந்த டிரைவரைப் பார்த்துவிட்டுத்தான் வீடு. நீ உன் பள்ளியில் என்ன எழுதிக் கொடுக்கிறாய் என்பதில் நான் தலையிட மாட்டேன். மூச்சிரைக்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நாலு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியது. கிளார்க் குனிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் இங்கயா இருக்கீங்க? கையில என்னமோ வெச்சிருக்கீங்களே, குடுக்கணுமா?" என்றார். பாவம், வாங்கிக்கொள்ளத் தயாராக ஷட்டரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இல்ல சார். குடுக்கக் கூடாதுன்னுதான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஷட்டரை முழுசாகக் கீழே இழுத்து விட்டார்.

அக்கா